கடற்கரை மணலில் கூட்டுத் தோட்டம்: நாள் குறிப்பதிலிருந்து கூட்டாஞ்சோறு வரை

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் ஊருக்குள் சும்மா கிடக்கும் மணல் நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்றாகக் காய்கறி போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கத்தரிக்கு எரு எவ்வளவு, பூச்சிக்கு என்ன கரைசல் என்பதெல்லாம் எங்கு கேட்டாலும் சொல்வார்கள். பதினைந்து குடும்பங்களை ஓராண்டு ஒரே கிணற்றடியில் சண்டை இல்லாமல் வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் திறப்பு விழா, பிறகு பாத்தி, பிறகு வேலி, ஆடு மேய்ந்த பிறகு விதிமுறை, கடைசியில் தண்ணீர்ப் பிரச்சினை. சரியான வரிசை வேறு: எழுத்து, நாள், தண்ணீர், வேலி, சீட்டு, விதி. விழாவெல்லாம் அதற்குப் பிறகு.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் நிலத்துக்கு எழுத்து. பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுதி வாங்குங்கள். முதல் ஆண்டு மணலுக்கு எருவும் குப்பையும் கொட்டியே போய்விடும். இரண்டாம் ஆண்டில்தான் மண் கொஞ்சம் கறுக்கும். அந்த நேரம் பார்த்து "இடம் வேணும்" என்று கேட்டால் குழுவே கலைந்துவிடும்.

கோயில், ஜமாஅத், தேவாலய இடமாக இருந்தால் ஒருவரின் வாய்ச்சொல் போதாது. நிர்வாகம் மாறும்போது வாய்ச்சொல்லும் மாறிப்போகும். நிர்வாகக் குழுவின் தீர்மானமாக வாங்குங்கள். ஊராட்சி இடம் என்றால் கிராம சபையில் வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மழைக்கு நடவு செய்ய நினைத்தால் ஆகஸ்ட் 15-ஐ விட்டுவிடக் கூடாது. அக்டோபர் 2-இல் தீர்மானம் வாங்கி, வேலி போட்டு, நாற்று விடுவதற்குள் பாதி மழை போய்விடும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருப்பதால் கான்கிரீட் அறை, தளம் என்று திட்டம் போடாதீர்கள். சாமான் வைக்க ஓலைக் கொட்டகை போதும்.

ஆள் கணக்கு 12 முதல் 20 குடும்பம் வரை. அதற்குக் குறைந்தால் இரண்டு வீட்டில் கல்யாணம் வந்தாலே தோட்டம் வெறிச்சோடிவிடும். கூடினால் கிணறு தாங்காது.

பொருளாக வேண்டியவை: நாலைந்து மண்வெட்டி, வாளி, கயிறு, ஒரே அளவுக் குடங்கள், சுவரில் மாட்டும் கரும்பலகை, நீண்ட நோட்டு ஒன்று, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று. மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைச் செலவு என்று ஒதுக்காதீர்கள். பாதிச் சண்டையை அதுதான் தீர்த்துவைக்கும்.

2. பாத்திக்கு முன் நாள்காட்டி

எல்லாரும் உட்காரும் முதல் கூட்டத்தில் நிலத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு காலண்டரைப் பிரித்துவைத்து, யாருக்கு எந்த நாள் ஆகாது என்று மட்டும் கேளுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றிப் போகும் ஊரில், வாரத்தில் எந்த நாள் யார் கரையில் இருப்பார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை இரண்டையும் தள்ளிவையுங்கள். மாசி, பங்குனியில் பெண்களில் பலர் மிளகாய் பறிக்கப் போவார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பகலில் கிடைக்க மாட்டார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேசுவரத்தில் கடை வைத்திருப்பவர்களை எதிர்பார்க்கவே முடியாது. ஏர்வாடி சந்தனக்கூடு, உங்கள் ஊர்த் திருவிழா, பத்தாம் வகுப்புத் தேர்வு எல்லாவற்றையும் குறியுங்கள். ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும் என்பதால் போன வருடத் தேதியை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

இப்படிக் கழித்த பிறகு மிஞ்சும் நாட்கள் கொஞ்சம்தான். அதில் மாதத்துக்கு ஒன்றை வேலை நாளாகவும், ஆண்டுக்கு இரண்டை விழா நாளாகவும் எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். வாராவாரம் கூட்டம் என்று ஆரம்பித்த குழுக்களில் மூன்றாம் வாரமே நாலு பேர் வருவதைப் பார்த்திருக்கிறேன். வராதவர்களுக்கு முதலில் கூச்சம், பிறகு கோபம், பிறகு பாத்தியையே விட்டுவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எந்த விழாவும் வைக்காதீர்கள். இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விழுகிறது. புயல் எச்சரிக்கையும் அப்போதுதான் வரும்.

3. தண்ணீர் முறை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். தோட்டம் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. எடை குறைவு என்பதால் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியில் உப்புநீர் நாற்பது அடி வரை ஏறும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அதனால்தான் இந்தப் பக்கம் ஆழமாகத் தோண்டாமல், ஆழம் குறைந்த ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் ஊற ஊற மொண்டு எடுத்தார்கள். ஒரே மூச்சில் இறைத்தால் கிணறு உவர்ந்துபோகும். உவர்ந்த கிணறு தெளிய அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும். சில கிணறு அதற்கும் தெளியாது.

ஆகவே மோட்டார் வேண்டாம். தொடங்கியதும் யாராவது ஒரு நல்ல மனுஷர் மோட்டார் வாங்கித் தருகிறேன் என்பார். கையெடுத்துக் கும்பிட்டு, அந்தப் பணத்துக்கு வேலிக் கம்பம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

தண்ணீரைச் சோதிக்கும் மாதம் முக்கியம். மார்கழியில் எந்தக் கிணறும் இனிக்கும். வைகாசி, ஆனியில் சோதித்துப் பாருங்கள். அந்த எண்தான் உண்மை. மீட்டரில் 450-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 450 முதல் 2000 வரை பயிர் பார்த்துப் போட வேண்டும். 2000-ஐத் தாண்டினால் காய்கறிக்கு ஊற்றாதீர்கள். இடைப்பட்ட தண்ணீரில் தட்டைப்பயறும் பீட்ரூட்டும் தாக்குப்பிடிக்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் தாங்காது. முழு ஆய்வு வேண்டுமானால் ராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

இனிக் குடக் கணக்கு. பத்துக்குப் பத்து அடிப் பாத்திக்கு மழையில்லாத நாளில் 45 முதல் 50 லிட்டர் வேண்டும். அதாவது மூன்று அல்லது நாலு குடம். இருபது பாத்திக்கு எண்பது குடம், ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். அத்தனையையும் காலையிலேயே மொண்டுவிட்டால் கடைசி ஐந்து பேருக்குக் கலங்கல்தான் மிஞ்சும். எனவே பாதிப் பேர் காலை, பாதிப் பேர் மாலை. அடுத்த வாரம் மாறிக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் பெயரும் நேரமும் எழுதிவையுங்கள்.

முறை மாற்றிக்கொள்ள அனுமதி இருக்கட்டும். "லாத்தா, இன்னைக்கு என் முறைய நீங்க எடுத்துக்குங்க, நாளைக்கு உங்க முறை எனக்கு" என்று கேட்டு மாற்றிக்கொள்வது நல்லதுதான். தோட்டத்தில் பழக்கம் வளர்வதே அப்படித்தான். ஆனால் பலகையில் அழித்து எழுதியாக வேண்டும். வாயால் மட்டும் மாற்றினால் மூன்றாவதாக ஒருவர் வந்து "இது யார் முறை?" என்பார். அங்கே தொடங்கும்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைப் பலகையில் எழுதுங்கள். எண் ஏறும்போது தலைவர் சொல்லித் தண்ணீரைக் குறைத்தால் தலைவர் மேல் வருத்தம் வரும். எண்ணைக் கண்ணால் பார்த்துக் குறைத்தால் யார் மேலும் வராது. எந்த எண்ணில் நாலு குடம் இரண்டாகும் என்பதைத் தை மாதத்திலேயே, கிணறு நிறைந்திருக்கும்போதே முடிவு செய்யுங்கள். வறட்சியில் உட்கார்ந்து பேசினால் முடிவு வராது.

4. வேலி போடும் நாள்தான் முதல் கூட்டு வேலை

ஆவணியில் வேலி. சீட்டுப் போட்டுப் பாத்தி பிரிப்பதற்கு முன்னால் இதை முடிப்பதற்குக் காரணம் உண்டு. பாத்தி கையில் வந்துவிட்டால் ஆளாளுக்குத் தன் பாத்தி ஓரத்து வேலியை மட்டும் பார்ப்பார்கள். எது தன்னுடையது என்று தெரியாதபோது முழு வேலியையும் கட்டுவார்கள். வேலி நாளுக்கு வந்த வீட்டுக்குத்தான் சீட்டில் பெயர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடம்பு முடியாதவர்கள் டீ போடலாம், நார் கிழித்துத் தரலாம், அதுவும் வருகைதான்.

பனை மட்டையும் வேலிக்கருவை முள்ளும் போதும். மட்டையைக் கட்டப் பனை நார் எடுப்பதானால் முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த நாரை முறுக்கினால் இரண்டாம் சுற்றிலேயே படக்கென்று அறுந்துவிடும், விரலையும் கிழிக்கும். ஊறிய நாரை ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் வெயிலில் காயும்போது தானாக இன்னும் இறுகும். முள்ளை வெளிப்பக்கம், அடியில், தரையோடு ஒட்டிப் பரப்புங்கள். ஆடு மேலே தாண்டுவதைவிடக் கீழே மூக்கை விட்டு நெம்புவதே அதிகம். மேற்கு, தென்மேற்குப் பக்கம் ஓலையை இரட்டையாகக் கட்டுங்கள். கச்சான் காற்றில் மணல் அந்தப் பக்கமிருந்துதான் பறந்து வந்து நாற்றை மூடும்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள். ஏழரை மணிக்கு வந்து சேரும் வழக்கத்தை முதல் நாளே உடைக்காவிட்டால் பிறகு உடைக்க முடியாது. வேலையை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, தெரிந்தவரோடு தெரியாதவரைச் சேருங்கள். ஒரே தெருக்காரர்கள் ஒன்றாக நின்றால் ஊர்க்கதைதான் ஓடும்.

5. சீட்டுக் குலுக்கல்

கிணற்றுக்கு அருகில் உள்ள பாத்திக்கு நாலு எட்டு, கடைசிப் பாத்திக்கு அறுபது எட்டு. நாள்தோறும் குடம் சுமப்பவருக்கு அது பெரிய வித்தியாசம். அதனால் பேசித் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், சீட்டுதான் சரி. அறுபது வயது தாண்டியவர்களுக்கும் கால் முடியாதவர்களுக்கும் கிணற்றடிப் பாத்திகளை முதலிலேயே ஒதுக்கி, மிச்சத்துக்குச் சீட்டுப் போடுங்கள். சீட்டை ஒரு சின்னப் பிள்ளை எடுக்கட்டும். எடுத்தவுடன் பெயரைச் சத்தமாகப் படித்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" என்றால் மறுநாளே இரண்டு பேர் ஒரே பாத்தியில் நிற்பார்கள்.

ஒரு பாத்தியைப் பொதுவில் வையுங்கள், அதுவும் நடுவில். கூட்டாஞ்சோற்றுக்குக் காய் அதிலிருந்து வரும். புதிதாக வருபவர்கள் கை பழக்குவதும் அதில்தான்.

பாத்தியை மேடாக்காமல் தரையைவிட அரை அடி தாழ்வாக எடுங்கள். மணலில் மேட்டுப்பாத்தி தண்ணீரைப் பக்கவாட்டில் விட்டுவிடும். மழை கட்டிக்கொண்டால் வடிக்க ஒரு மூலையில் வாய் விடுங்கள்.

6. விதிமுறை: ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது

நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காத விதியைக் காட்டி ஒருவரைக் கேள்வி கேட்டால் அது அவமானமாகிவிடும். கூட்டத்தில் வாய்விட்டுப் படித்து, தலையாட்டியதை மட்டும் வையுங்கள்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: அடுத்தவர் பாத்தியில் கேட்காமல் காய் பறிக்கக் கூடாது, உதிர்ந்து கிடந்தாலும். மருந்தடிக்கும் முன் பக்கத்துப் பாத்திக்குச் சொல்ல வேண்டும். கடைசியாகப் போகிறவர் படலைச் சாத்த வேண்டும். குடிநீர்க் குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. ஊரே ஒரு குடத்துக்கு வரிசையில் நிற்கும்போது அதைச் செய்தால் தோட்டத்துக்கே கெட்ட பெயர்.

மூன்று வாரம் யாரும் எட்டிப்பார்க்காத பாத்திக்கு ஒரு விதி வேண்டும். முதலில் ஒருவர் வீட்டுக்குப் போய் என்ன ஏது என்று விசாரிக்க வேண்டும். போனில் கேட்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் வராவிட்டால் பாத்தி காத்திருப்பவருக்குப் போகும். துக்க வீடு, பிரசவம், ஆஸ்பத்திரி என்றால் இந்தக் கணக்கு கிடையாது; இரு பக்கத்துப் பாத்திக்காரர்களும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சும்மா நல்லெண்ணமாக விடாமல் விதியாகவே எழுதிவையுங்கள். உதவி கேட்கக் கூசுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

7. புரட்டாசியில் விதை நாள்

ஆடிப்பட்டம் என்று கேட்டுப் பழகியவர்கள் ஆடியிலேயே விதைக்கத் துடிப்பார்கள். இங்கே ஆடியில் கச்சான் வீசும், கிணறு அடியில் கிடக்கும். புரட்டாசியில் விதை மாற்றி நாற்று விட்டு, ஐப்பசி மழையில் நடுவதே ஒத்துவரும்.

விதை நாளுக்கு மாலை இரண்டு மணி நேரம் போதும். ஒவ்வொரு வீடும் தன் விதையைக் காகிதத்தில் மடித்து, பெயர், எடுத்த மாதம், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது என்று எழுதிக் கொண்டுவரட்டும். கடைசி விவரம்தான் முக்கியம்: இந்த உவரில் காய்த்த செடியின் விதைக்கு முதலிடம் கொடுங்கள். முண்டு மிளகாய் விதை கட்டாயம் வரும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதற்கு மவுசு கூடியிருக்கிறது. வாங்கிய விதையில் பத்தை ஈரத்துணியில் முடிந்துவைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகே நாற்று விடச் சொல்லுங்கள்.

கரையில் ஒதுங்கும் கடல்பாசியை எருவுக்கு எடுப்பதானால் இந்த நாளிலேயே ஆள் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் திறந்த இடத்தில் குவித்துவைத்தால் ஐப்பசி மழையில் உப்புக் கழுவிப்போகும். குவியலைப் பாத்திக்கும் கிணற்றுக்கும் தள்ளி வையுங்கள். தீவுப் பக்கம் போய் எடுக்க நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை.

8. தையில் கூட்டாஞ்சோறு

காய் நிறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, தண்ணீர்ச் சண்டை தொடங்கியிருக்காது. தைக்கு இந்த மூன்று வசதி. மாசிக்குத் தள்ளினால் இப்போதைய ஆண்டுகளில் நோன்போடும் தவக்காலத்தோடும் மோதும்.

நூறு பேருக்கு எட்டுக் கிலோ அரிசி, இரண்டு கிலோ துவரம்பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் வர வேண்டும், கொஞ்சமாக இருந்தாலும். ஒரு வீட்டில் இரண்டு கத்தரிக்காய்தான் காய்த்தது என்றால் அந்த இரண்டும் குண்டானில் விழட்டும். காய் இல்லாதவர் பணம் தருகிறேன் என்பார், வாங்காதீர்கள். விறகோ, கறிவேப்பிலையோ, உழைப்போ கேளுங்கள். பணம் வாங்கத் தொடங்கினால் அடுத்த ஆண்டு பாதிப்பேர் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட மட்டும் வருவார்கள்.

பெரிய குண்டானில் சைவம் மட்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் யோசிக்காமல் கை நனைக்க அதுவே வழி. மீன் குழம்பு வேண்டும் என்று கட்டாயம் ஒரு குரல் வரும், கடற்கரை ஊராயிற்றே. தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனி வரிசை என்று ஏற்பாடு செய்துவிடுங்கள். கரண்டி மாறுவதுதான் வழக்கமான தவறு. மீன் கரண்டியின் காம்பில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டால் மாறாது.

தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அடுப்பைத் தென்மேற்கு மூலையில் வைத்து, பந்தியை எதிர்ப்பக்கம் போட்டால் புகை சாப்பிடுகிறவர் முகத்துக்கு வராது. காலடி மணல் பறக்காமல் பந்தி விரிக்கும் இடத்தில் முன்னதாகத் தண்ணீர் தெளியுங்கள். அந்தத் தண்ணீர் கிணற்றிலிருந்து, சமையல் தண்ணீர் வெளியிலிருந்து. உவர்த் தண்ணீரில் பருப்பு வேகவே வேகாது. பரிமாறப் பனையோலைப் பட்டை அல்லது வாழை இலை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது.

மேடை வேண்டாம். மைக் வேண்டவே வேண்டாம். யாராவது பெரிய மனிதரை அழைத்தே ஆக வேண்டும் என்றால், சாப்பாடு தயாரான பிறகு ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். பசி அவரைச் சீக்கிரம் முடிக்கவைக்கும். பந்தியில் எல்லாருக்கும் ஒரே வரிசை, வந்தவருக்கும் அதே தரை.

பாத்திரம் கழுவுகிறவர் பெயரைச் சமைப்பவர் பெயரோடு சேர்த்து முதல் வாரமே எழுதுங்கள். இதை விட்டால் ஒவ்வொரு ஆண்டும் அதே மூன்று மதினிமார்தான் அடுப்படியில் கரி தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

9. பணம்

மாதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள். தடைக்காலத்தில் வசூல் வேண்டாம். பின்னால் சேர்த்தும் கேட்க வேண்டாம். பணம் ஒருவரிடம், நோட்டு இன்னொருவரிடம். மாத வேலை நாளில் வரவு செலவை வாய்விட்டுப் படியுங்கள், கயிறு வாங்கிய எண்பது ரூபாய் உட்பட.

10. தடைக்காலமும் ஆனிக் கூட்டமும்

பங்குனிக்குப் பிறகு தோட்டத்தில் முருங்கையும் கொஞ்சம் கீரையும்தான் நிற்கும். இந்த நேரத்தில்தான் பல குழுக்கள் சத்தமில்லாமல் கலைகின்றன. வேலை இல்லை என்று மாதக் கூட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

வேலை இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். வைகாசியில் கிணறும் அடிமட்டத்தில் இருக்கும். சேறு எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. எடுத்த சேற்றைக் கையோடு பாத்தியில் கொட்டாமல் தனியே காயவைத்து, நோட்டில் அன்றைய மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழப்படுத்தும் ஆசையில் கூடுதலாகத் தோண்ட விடாதீர்கள். சேறு முடிந்து மணல் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். காலிப் பாத்தியில் தென்னை மட்டை, ஓலை, சருகு பரப்பிவிட்டால் வெயிலும் கச்சானும் மண்ணை அள்ளிக்கொண்டு போகாது.

ஆனியில் ஒரு கூட்டம். பாத்தியை விடுகிறவர்கள் அந்த மாத முடிவுக்குள் சொல்லியாக வேண்டும். காத்திருப்பவர் பெயர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்; மேலிருந்து வரிசையாக அழைத்து ஆவணி வேலி நாளைச் சொல்லுங்கள். விட்டுப்போகிறவரிடம் குடம், வாளி, படல் சாவி மூன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு, அவர் விதையில் ஒரு மடிப்பையும் கேட்டு வாங்கிவையுங்கள்.